அண்டா திரும்பி வந்தபோது

'தொடாதீர்கள்' என்று மூன்று மொழிகளில் பலகை எழுதி மாட்டியவள் நான்தான். தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. போடியில் ஓர் ஏலக்காய்க் குடோனின் மாடியில் இருக்கும் எங்கள் சின்ன மியூசியத்துக்கு வாரத்தில் நாலு பேர் வந்தாலே திருவிழா. அந்த நாலு பேரும் எதையும் தொடுவதற்காக வருகிறவர்கள் இல்லை. ஒருவர் போன் சார்ஜ் போட வருவார், ஒருவர் மழைக்கு ஒதுங்குவார், இன்னொருவர் பாத்ரூம் எங்கே என்று கேட்பார். இருந்தாலும் பலகை இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

கல்யாணத்துக்கு முன்பு பெரிய ஊர் மியூசியம் ஒன்றில், பழம்பொருள்களைப் பாதுகாக்கும் பிரிவில் வேலை பார்த்தேன். ஒரு வெண்கலச் சிலையின் காதை மட்டும் ஒரு வாரம் உட்கார்ந்து பஞ்சால் ஒற்றி எடுத்த கை இது. போடிக்கு வாழ வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்து தட்டை இழுத்தால்கூட, "மெதுவா, மெதுவா" என்பேன். அவர் தட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், பிறகு சாப்பிடுவார்.

மியூசியத்தை உண்டாக்கியவர் இப்போதைய முதலாளியின் அப்பா. மலையில் தோட்டம் தோட்டமாக ஏறிக் காய் வாங்கிய மனிதர். காயோடு சேர்த்து, தோட்டத்தில் வேண்டாமென்று மூலையில் போட்டிருந்ததையெல்லாம் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவாராம். காய் சலிக்கும் சல்லடைகள், மழைக்குத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் சாக்குக் கொங்காணி, உடைந்த லாந்தர்கள், முள் வளைந்த தராசு. எல்லாவற்றுக்கும் மேலாகப் பாத்திரங்கள். லயக் குடியிருப்புகளில் இருந்த தோட்டத்து ஆட்களுக்குக் கஞ்சி காய்ச்சிய பித்தளை அண்டா ஒன்று, ஆள் உள்ளே இறங்கி உட்காரலாம். வெண்கலப் பானைகள், அகப்பைகள், தடித்த பித்தளை டம்ளர்கள். அவற்றின் மேல் புகையும் எண்ணெயும் காலமும் படிந்து ஒரு கரும்பழுப்பு நிறம் ஏறியிருந்தது. பார்க்கிறவர்களுக்கு அது அழுக்கு. எனக்கு அதுதான் சொத்து. தூசி தட்டக்கூட மெல்லிய பிரஷ் வைத்திருந்தேன்.

அப்பா போன பிறகு மகன் முதலாளியானார். மோசமானவர் இல்லை. கெட்டிக்காரர், அவ்வளவுதான். மியூசியத்துக்கு அப்பா பேரைப் போட்டு வாசலில் பெரிய போர்டு மாட்டினார், எனக்கு மாதம் தவறாமல் சம்பளம் கொடுத்தார், மாடிக்கு மட்டும் வரமாட்டார். ஒருநாள் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"தங்கச்சி, மலை மேல புதுசா ரிசார்ட் கட்டுறாங்க. பாத்திரம் பூராத்தையும் கேக்குறாங்க. வாசல்ல அண்டாவ வச்சு அதுல செடி நடுவாங்களாம். டம்ளர்ல மெழுகுதிரி ஏத்துவாங்களாம். எனக்கும் சாக்கு அடுக்க எடம் பத்தல. ஒனக்குக் கீழ ஆபீஸ்ல சோலி தர்றேன்."

"அண்ணே, அண்டாவுல செடியா?"

"இங்க மட்டும் என்னம்மா செய்யுது? சும்மாதான கெடக்கு. ஆடி முடியட்டும். அதுக்குள்ள இதால யாருக்காச்சும் ஒரு பிரயோசனம்னு காட்டு, விட்டுர்றேன்."

அவர் இறங்கிப் போனதும் எனக்குக் கோபம் வந்தது. அதன் பின்னால் அழுகை வந்தது. அப்பாவுடைய பேரை வாசலில் தொங்கவிட்டுவிட்டு உள்ளே இருப்பதைத் தூக்கிக் கொடுக்கிறாரே என்று அண்டாவிடம் சொல்லிப் புலம்பினேன். அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசினால் குரல் கணீரென்று திரும்பி வரும். பதில் கிடைத்த மாதிரி இருக்கும்.

அந்த வாரமே ஓர் அக்கா வந்தார். போடியிலிருந்து தினமும் விடியுமுன் ஜீப்பு ஏறி மலைக்குத் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களில் ஒருவர். அவருடைய ஜீப்புக்கு அவர்தான் எல்லாம். யார் எங்கே உட்கார வேண்டும், யார் இன்றைக்கு லீவு, டிரைவர் எந்த வேகத்தில் போக வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்படிதான். வேலை முடிந்து இறங்கியவர், போனுக்குச் சார்ஜ் போட மாடிக்கு வந்தார். போனைச் சொருகிவிட்டு அண்டாவைச் சுற்றி ஒரு சுற்று வந்தார்.

"தாயி, இது ஓட்டையா?"

"இல்லையேக்கா. ஏன்?"

"பெறகு ஏன் சும்மா வச்சிருக்கீக?"

இந்தக் கேள்வியை ஒரே வாரத்தில் இரண்டாவது ஆளும் கேட்டதில் எனக்கு எரிச்சல் வந்தது. அக்காவுக்கு என் எரிச்சல் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. காய் எடுப்பு தொடங்குமுன் தோட்டத்து மரத்தடியில் காட்டுச்சாமிக்குப் பொங்கல் வைப்பது அவர்கள் வழக்கம். போன தடவை பிளாஸ்டிக் தட்டும் கப்புமாக வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். சாப்பிட்டு முடிப்பதற்குள் காற்று அடித்து எல்லாம் ஓடைக்குள் போய்விட்டது. காட்டுமாடு வந்து தட்டை மென்றுகொண்டு நின்றதாம். வனத்துறை ஆட்கள், இனி பிளாஸ்டிக்கோடு வந்தால் மரத்தடியில் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வாடகைப் பாத்திரக் கடைக்காரரோ மலைக்கு என்றால் கரண்டிகூடத் தர மாட்டேன் என்கிறார்.

"மலைக்குப் போன பாத்திரம் மலையிலயே நின்னுருதாம். ஒங்ககிட்ட எல்லாமே இருக்கு தாயி. ஒருநா கொடுங்க. மறுநா கொண்டாந்துருவோம்."

"அக்கா, இது மியூசியம். வாடகைக் கடை இல்ல."

"சரி தாயி" என்றார். சார்ஜ் ஏறாத போனைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

வீட்டுக்கு நடக்கும்போது நான் சொன்னதுதான் சரி என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். சந்தைக்குப் பக்கத்தில் வரும்போது, 'யாருக்காச்சும் ஒரு பிரயோசனம்' என்ற முதலாளியின் வார்த்தை வந்து முன்னால் நின்றது. பிரயோசனம் மாடியேறி வந்து வாய்விட்டுக் கேட்டிருக்கிறது, நான் வாடகைக் கடை இல்லை என்று பேசி அனுப்பியிருக்கிறேன். மறுநாள் கருக்கலில் எழுந்து ஜீப்புகள் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். அக்காவின் ஜீப்பு உறுமிக்கொண்டிருந்தது. கையைக் காட்டி நிறுத்தி, "எடுத்துக்கோங்க. ஆனா சொல்றதக் கேக்கணும்" என்றேன்.

புளிப்பான எதையும் ஊற்றக்கூடாது. தரையில் வைத்து இழுக்கக்கூடாது. ஒன்றோடொன்று உரசாமல் இடையில் துணி வைக்க வேண்டும். நானும் கூட வருவேன். நான் அடுக்கிக்கொண்டே போக, டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சேச்சி, பொண்ண மறுவீட்டுக்கு அனுப்பும்போதுகூட எங்காத்தா இத்தன சொல்லல" என்றான். ஜீப்பு முழுக்கச் சிரித்தது. முதலாளியிடம் கேட்டதற்கு, "எப்படியும் போகப்போற சாமான்தான, நடத்து" என்று போனிலேயே முடித்துக்கொண்டார்.

பொங்கலன்று அண்டா ஜீப்பின் நடுவில் உட்கார்ந்தது. அதைச் சுற்றி நாங்கள். இடம் போதாமல் ஒரு பெண் கால்களை அண்டாவுக்குள் விட்டுக்கொண்டு வந்தாள். நான் முறைத்தேன். "காலு கழுவிட்டுத்தாங்க்கா ஏறுனேன்" என்றாள். முந்தல் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததும், ஒவ்வொரு திருப்பத்திலும் நான் அண்டாவின் விளிம்பைக் கட்டிப் பிடிக்க, அதைப் பார்த்து அவர்கள் சிரிக்க, போடிமெட்டு வருவதற்குள் எனக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. வண்டிகள் நின்று வேடிக்கை பார்க்கும் ஒரு வளைவில், குரங்கு ஒன்று டீக் கப்பை முகத்தில் மாட்டிக்கொண்டு எடுக்கத் தெரியாமல் திண்டாடியது. அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். "போன வருசம் நம்ம கப்பும் இப்படித்தாம்ல போயிருக்கும்" என்றார் அக்கா.

தோட்டத்தில் மேகம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டி அண்டாவை ஏற்றினார்கள். ஏற்றும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். தண்ணீர் கொதித்ததும் ஏலத்தோலை அள்ளி அள்ளிப் போட்டார்கள். ஏலக்காயை உடைத்து, 'அரிசி' என்று சொல்லும் விதைகளை எடுத்த பிறகு மிஞ்சுகிற வெறும் தோல்தான் அது. அதன் வாசனை மேகத்தோடு கலந்து அந்தச் சரிவு முழுக்க நின்றது. பக்கத்தில் வெண்கலப் பானைகளில் பொங்கல் பொங்கியது. வாழை இலை போட்டுச் சாப்பாடு. சூடான பித்தளை டம்ளரை முந்தானையால் பிடித்துக்கொண்டு, ஊதி ஊதி எல்லோரும் ஏலத்தோல் தண்ணீர் குடித்தோம். குளிருக்கு அது தேவாமிர்தம். நான் இரண்டு டம்ளர் குடித்தேன். என் மியூசியத்து டம்ளரில் நானே வாய் வைத்துக் குடித்தது அன்றைக்குத்தான்.

வனத்துறைக்காரர்கள் இரண்டு பேர் சோதனைக்கு வந்தார்கள். சுற்றிலும் பார்த்தார்கள். ஒரு பிளாஸ்டிக் துண்டும் அகப்படவில்லை. அவர்கள் கையிலும் ஆளுக்கொரு டம்ளரைக் கொடுத்தார் அக்கா.

"இதெல்லாம் எங்கம்மா வாடகைக்கு எடுத்தீங்க?"

"மியூசியத்துல சார்."

கேட்டவர் கேலி என்று நினைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். டம்ளரை அவர் அதன் பிறகு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எல்லாம் முடிந்து எழுந்தபோது மரத்தடியில் இலைகள் மட்டும் கிடந்தன. அவற்றையும் குழி வெட்டி மூடினார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பெரிய மியூசியத்தில் வேலை பார்த்த காலத்தில் எந்தப் பொருளும் எனக்கு இப்படி ஒரு சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை.

பாத்திரங்களைக் கழுவிக் கொண்டுவருவதாக அக்கா சொன்னதால் நான் முன்னாடியே இறங்கிவிட்டேன். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அக்காவின் போன் அணைந்து கிடந்தது. சார்ஜ் போட்டிருக்க மாட்டார், நான்தானே அன்றைக்குப் போடவிடாமல் அனுப்பினேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். "என்ன தங்கச்சி, போச்சா?" என்று முதலாளி கீழிருந்து குரல் கொடுத்தார். பிறகு ஒரு சாயங்காலம் ஜீப்பு வந்து வாசலில் நின்றது. நாலு பேர் சேர்ந்து அண்டாவை மேலே தூக்கி வந்தார்கள். மேலே போர்த்தியிருந்த சேலையை அக்கா உருவினார்.

கண் கூசியது. அண்டா தங்கமாக நின்றது. பானைகள், டம்ளர்கள், அகப்பை எல்லாம் தகதகவென்று. புளியும் செங்கல் பொடியும் போட்டு இரண்டு நாள் உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்கள். எத்தனையோ காலத்துப் புகை, நிறம், தடம், நான் பிரஷ்ஷால் தட்டிக் காப்பாற்றி வந்த எல்லாமே போயிருந்தது.

"ஐயோ, என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க!" என்று கத்தினேன். கீழே குடோனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"அடுத்தவுக பாத்திரத்த அழுக்கோடவா திருப்பிக் குடுப்பாக? நல்லாருக்கே!"

"அது அழுக்கு இல்லக்கா. அதோட வயசு."

"வயசாச்சுன்னா குளிக்க வேண்டாமா தாயி?"

அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தேன். அவரைக்காய், பட்டர் புரூட், ஒரு சீப்பு மலைவாழை, காப்பிக்கொட்டை, முறுக்கு. வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். குழம்புக் கிண்ணம் வாங்கினால் நாலு பழமாவது போட்டுத்தான் திருப்புவோம். இவ்வளவு பெரிய பாத்திரத்தை வெறுமனே விடாமல் இருக்க அவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நினைத்ததும் என் கோபம் பாதி இறங்கியது. அந்த நேரம் பார்த்து அக்கா, "முக்கியமானத இன்னும் பாக்கலியே" என்று அண்டாவைத் திருப்பினார்.

விளிம்பில் பேர் வெட்டியிருந்தது. பாத்திரக்கடையில் மிஷின் வைத்துப் புள்ளி புள்ளியாக வெட்டுவார்களே, அந்த மாதிரி. ஒவ்வொரு பானையிலும், ஒவ்வொரு டம்ளரிலும். மியூசியத்தை உண்டாக்கிய மனிதரின் பேர், இனிஷியலோடு.

"பேரு இல்லாத பாத்திரம் விசேச வீட்டுல மாறிப்போனா யாருதுன்னு கேக்குறது? அதான் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வெட்டிட்டோம். அவரு பாத்திரம், அவரு பேருதான போடணும்? வாசல் போர்டப் பாத்து எழுதிக்கிட்டுப் போனோம். எழுத்து சரியான்னு பாருங்க."

எழுத்து சரியாகத்தான் இருந்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பழம்பொருளில் புதுப் பேர் வெட்டுவது எங்கள் தொழிலில் கொலைக்குச் சமம். இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன், கடுமையாகவே சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது. "நல்லதுன்னுதான் செஞ்சோம் தாயி" என்று சொல்லிவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். முறுக்கு நன்றாக இருந்தது. எல்லாவற்றையும் நானே தின்று தீர்த்தேன். வருசத்துக்கு ஒரு பொங்கலைப் பிரயோசனம் என்று சொன்னால் முதலாளி சிரிப்பார், பழமையும் போய்விட்டது, இனி இந்த அண்டாவைக் காப்பாற்ற வாதாடக்கூட எனக்கு ஒரு காரணமும் மிச்சமில்லை என்று நினைத்தேன்.

ஆடி முடிந்த வாரம் முதலாளி, ரிசார்ட்டுக்கு அலங்காரம் செய்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறினார். நான் பலகைக்குப் பக்கத்தில் நின்றேன். வந்தவர் அண்டாவைப் பார்த்ததும் கையைத் தட்டினார்.

"சூப்பர் சார்! பாலிஷ் வேலையே இல்ல. அப்படியே வண்டியில ஏத்திடலாம்."

என் கடைசி நம்பிக்கையும் போயிற்று. கறுத்துக் கிடந்திருந்தாலாவது நாலு நாள் யோசித்திருப்பார். அவர் அண்டாவைச் சுற்றி வந்து விளிம்பில் விரலை வைத்து நின்றார்.

"என்ன சார், பேர் வெட்டியிருக்கு? பரவால்ல. மிஷின் வச்சுத் தேய்ச்சா போயிடும்."

முதலாளி அதுவரை அதைப் பார்த்திருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். புள்ளிகளின் மேல் விரலை ஓட்டிப் படித்தார். ஒரு டம்ளரை எடுத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார்.

"யாரு வெட்டுனது?"

"மலைக்குப் போற அக்காமார்ண்ணே. பொங்கலுக்கு வாங்கிட்டுப் போனாங்க. அவங்களாக் காசு போட்டு..." திட்டு விழும் என்று தயாராக நின்றேன்.

அவர் வந்தவரிடம் திரும்பினார். "தேய்ச்சா சுத்தமாப் போயிருமா?"

"இருந்த இடமே தெரியாது சார்."

முதலாளி டம்ளரைக் கீழே வைக்கவில்லை. கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப வேண்டாம்" என்றார்.

"சார்?"

"எங்கப்பா பேர நானே தேய்க்கக் குடுத்தேன்னு போடி பூராப் பேசணுமா? கெளம்புங்க. செடி வைக்கச் சிமெண்டுத் தொட்டி வாங்கிக்கங்க."

வந்தவர் என்னைப் பார்த்தார். நான் சீரியசாகச் சுவரைப் பார்த்தேன். அவர் இறங்கிப் போனதும் முதலாளி அண்டாவை முகர்ந்தார்.

"என்ன தங்கச்சி, வாசம் வருது?"

"ஏலத்தோல் தண்ணிண்ணே. அதுல காய்ச்சுனது."

ஏலக்காயிலேயே பிறந்து வளர்ந்த மனிதர், அண்டாவுக்குள் தலையை விட்டார். வெகுநேரம் தலையை வெளியே எடுக்கவில்லை. உள்ளேயிருந்து அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கணீரென்று கேட்டது. வாசனை பிடிக்கிறார் என்றே நான் வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே நான் ஜீப்பு நிற்கும் இடத்துக்குப் போனேன். அக்கா என்னைக் கண்டதும், "இன்னும் கோவமா தாயி?" என்றார். "ஆமா" என்றேன். "ஆனா அண்டா நம்மகிட்டயே இருக்கு. உங்க பேர் வெட்டுதான் காப்பாத்துச்சு. அடுத்து என்ன விசேசம்?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரித்த சிரிப்பில் டிரைவர் ஹாரன் அடித்தான்.

இப்போது எங்கள் மியூசியத்தில் பாத்திரங்கள் பாதிநாள் இருப்பதில்லை. காதுகுத்து, பூப்பு, கோயில் பொங்கல், கல்யாணம் என்று சுற்றிக்கொண்டிருக்கின்றன. தொடாதீர்கள் பலகைகளைச் சல்லடைகள் பக்கம் நகர்த்திவிட்டேன். அண்டாவின் கீழே இருந்த பழைய அட்டையில் 'தோட்டத்தில் கஞ்சி காய்ச்சியது' என்பதோடு, கடைசியாக யார் வீட்டு விசேஷத்துக்குப் போய்வந்தது என்பதையும் எழுதுகிறேன். தங்கள் வீட்டு விசேஷம் எழுதியிருக்கிறதா என்று பார்க்கக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். வந்தவர்கள் தராசையும் லாந்தரையும் பார்க்காமல் போவதில்லை. மலைப்பாதை சுத்தமாகிவிட்டது என்று நான் அளக்க மாட்டேன். வளைவுகளில் டீக் கப்புகள் இன்னும் பறக்கத்தான் செய்கின்றன. அக்காவின் ஜீப்பும், அவர்களைப் பார்த்து இன்னும் சில ஜீப்புகளும் போகிற மரத்தடிகளில் மட்டும் பறப்பதில்லை. அன்றைக்கு மலைக்குப் போகாமல் மாடியிலேயே தங்கியதால் தேய்க்கப்படாமல் தப்பிய ஒரே ஒரு கறுத்த டம்ளரைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். அது என் ஆறுதலுக்கு.

போன மாதம் முதலாளி போன் செய்தார். அவர் அப்பாவின் திவசத்துக்கு வருகிறவர்களுக்கு ஏலத்தோல் தண்ணீர் கொடுக்க அண்டா வேண்டுமாம்.

"அண்ணே, அன்னைக்கு அந்தக்கா மக வளைகாப்பு. முன்னாடியே சொல்லி வச்சிட்டாங்க."

"எங்க அண்டாவுக்கு நானே வரிசையில நிக்கணுமா?" என்று கத்தினார். பிறகு குரலை இறக்கி, "சரி, டம்ளராச்சும் இருக்கா?" என்றார்.

திவசம் முடிந்த மறுநாளே டம்ளர்கள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி ஏலக்காய். வியாபாரத்துக்கு மட்டும் எடுத்து வைக்கும் பருமனான முதல் தரப் பச்சைக் காய், அதை அவர் யாருக்கும் சும்மா கொடுத்து நான் பார்த்ததில்லை. கொட்டி வைத்துவிட்டு டம்ளர்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவர்கள் வீட்டிலும் புளி போட்டுத் தேய்த்திருந்தார்கள். பேர் இருந்த இடத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் கூடுதலாக, எழுத்து பளிச்சென்று தெரியும்படி.